தெய்வத்துக்கு டயப்பர் மாற்றுவது யார்?

தமிழனுக்குப் பெற்றோர் தெய்வம். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது. ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கிறது. லாரியின் நெற்றியில் பூமாலைக்கு நடுவே எழுதியிருக்கிறது. தலைவர் மேடையேறினால் தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்ட கதை சொல்வார். சினிமாக் கதாநாயகன் அம்மாவுக்காக முப்பது பேரை அடித்துப் போடுவான். தீபாவளிக்குத் தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘பெற்றோரைப் பேணுவதில் விஞ்சி நிற்பது மகனா, மகளா?’ என்று தலைப்பு வைத்து, இரு தரப்பையும் அழவைத்து, கடைசியில் ‘இருவருமே’ என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார். அரங்கம் கைதட்டும்.

அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டின் பின்னறையில் ஒருத்தி, பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சரியாமல் இருக்க முழங்காலால் முட்டுக் கொடுத்து, நனைந்த டயப்பரை உருவிக்கொண்டிருப்பாள். கூடத்திலிருந்து கைதட்டல் அவள் காதில் விழும். அது அவளுக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தெய்வம் என்று பிரகடனம் செய்தாகிவிட்டது. அப்படியானால் அந்தக் கோயில் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

கருவறை, வீட்டிலேயே காற்றோட்டம் குறைந்த அறை. மூலவருக்கு எண்பதை ஒட்டிய வயது. வலக்கை வலக்கால் வராது, பேச்சும் வராது. மூக்கில் ட்யூப், கட்டிலோரம் யூரின் பேக், அடியில் சதா உறுமும் ஏர் பெட் மோட்டார்.

அறங்காவலர் மூத்த மகன். ‘அம்மாவை நான்தான் வச்சுப் பாத்துக்கிறேன்’ என்பது அவர் திருவாய்மொழி. அலுவலகத்தில் இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் கண் கலங்கும். வீட்டில் டயப்பர் பொட்டலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. எந்தக் கோயில் அறங்காவலர் அபிஷேகத்துக்குத் தண்ணீர் தூக்கியிருக்கிறார்?

உபயதாரர் இளைய மகன், நியூஜெர்சி. நம் கோயில்களில் ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயரை அந்த லைட்டின் மேலேயே எழுதி வெளிச்சத்தை மறைப்பார்களே, அந்த வம்சம். ஏர் பெட் அவர் உபயம். சக்கர நாற்காலி அவர் உபயம். எல்லாவற்றுக்கும் சிகரமாக, சுவர் மூலையில் ஒரு சிசிடிவி கேமராவும் அவர் உபயம். அம்மாவைப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செல்பேசியைத் திறந்து அம்மாவைப் பார்க்கிறார். அங்கே மதியம் என்றால் இங்கே இரவு பத்து, பதினொன்று. அப்போதுதான் கண்ணயர்ந்தவளின் போன் அலறும்.

“அண்ணி, தூங்கிட்டீங்களா? ஒண்ணுமில்ல, அம்மா மேல போர்வை விலகியிருக்கு. அத மட்டும் கொஞ்சம் பாருங்க.”

பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து போர்வை விலகியதைக் கண்டுபிடிக்கும் பாசத்தை என்னவென்று மெச்சுவது! அந்தக் கேமராவில் போர்வை தெரிகிறது. பக்கத்தில் பாயைப் போட்டுச் சுருண்டு கிடப்பவள் மட்டும் எப்படியோ சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறாள்.

கட்டிக்கொடுத்த மகள் கட்டளைதாரர். ஆடிக்கு ஒரு தரம், தைக்கு ஒரு தரம் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அழுதுவிட்டுப் போவாள். அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் வீட்டிலும் ஒரு கருவறை, ஒரு மாமியார்.

மிச்சமிருப்பது பூசை செய்கிறவள். வீட்டு மருமகள். உஷத்காலப் பூசை, விடியற்காலை ஐந்து மணி: டயப்பர், வெந்நீர், துண்டு, பவுடர். யூரின் பேக்கைக் காலி செய்து அளவைக் குறிப்பது. காலசந்தி: தலைமாட்டை உயர்த்தி, ட்யூப் வழியே வடிகட்டிய கஞ்சி, பொடித்துக் கரைத்த மாத்திரை. ஊற்றி முடித்ததும் எழுந்து போய்விட முடியாது; புரையேறுகிறதா என்று அரை மணி நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். உச்சிக்காலம்: இடுப்புக்குக் கீழே உள்ள படுக்கைப் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவது. சாயரட்சை: மறுபடி டயப்பர், மறுபடி கஞ்சி, கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. இரண்டாம் காலம்: நெஞ்சுச் சளியை வெளியேற்றுவது. அர்த்தஜாமம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம் என்று திருப்பிப் படுக்கவைப்பது, இல்லாவிட்டால் புண் எலும்பு வரை போய்விடும். கோயிலில் அர்த்தஜாமம் முடிந்தால் நடை சாத்துவார்கள். அர்ச்சகர் வீட்டுக்குப் போவார். தட்டில் விழுந்த காசு அவர் மடியில் இருக்கும். இவளுக்கு நடை சாத்துவதும் இல்லை, தட்டும் இல்லை. ‘கொடுத்து வச்சவ, மாமியாருக்குச் செய்யிற புண்ணியம் ஏழு தலைமுறைக்கு நிக்கும்’ என்ற பாராட்டு உண்டு. புண்ணியத்தை எந்த மருந்துக் கடையில் மாற்றுகிறார்கள் என்று பாராட்டுபவர்கள் சொல்வதில்லை.

பக்தர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ், பல்லில்லாத வாய்க்கு ஆப்பிள். கால் மணி நேரம் கட்டிலருகே நிற்பார்கள். அதில் பாதி நேரம் மூக்கைப் பொத்துவதா வேண்டாமா என்ற தர்மசங்கடத்தில் போகும். பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே தீர்ப்பு.

“என்னம்மா, உங்க அத்தை பாதியா எளைச்சுட்டாங்க! சாப்பாடு ஒழுங்கா எறங்குதா, இல்ல நீ ஏதோ கடமைக்கு ஊத்திட்டு விட்டுர்றியா?”

“முதுகுல புண்ணு வந்திருக்கே. நாங்கல்லாம் எங்க மாமியார எட்டு வருஷம் பாத்தோம். ஒரு கீறல் கிடையாது.”

“புத்தூர்ல ஒருத்தர் எண்ணெய் குடுக்கிறாராம். தடவுனா பத்தே நாள்ல எந்திரிச்சு நடக்கிறாங்களாம்.”

இவர்களில் ஒருவராவது, ‘நீ போய் ஒரு மணி நேரம் தூங்கு, நான் உட்கார்ந்திருக்கேன்’ என்று சொன்னதாகத் தமிழ்நாட்டு வரலாற்றில் பதிவு இருந்தால் அதைக் கல்வெட்டில் பொறிக்கலாம்.

இன்னொன்றை மறந்துவிடுகிறோம். அந்த மருமகளுக்கும் ஒரு அம்மா உண்டு. வேறு ஊரில், தனியாக, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு. அந்தத் தெய்வத்துக்குப் பூசை கிடையாது. அங்கே போகவேண்டிய பூசாரியை இங்கே பிடித்து வைத்திருக்கிறோம். ‘பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, அப்புறம் என்ன உரிமை?’ என்று அந்த அம்மாவே வாயை மூடிக்கொள்கிறாள்.

இதெல்லாம் ஒரு வீட்டுக் கதை என்று தள்ளுவோருக்காக ஒன்றிய அரசின் கணக்கே இருக்கிறது. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள்; ஆண்களில் 21.4 விழுக்காடு. அந்த வேலையில் இருக்கும் பெண் ஒரு நாளைக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள். ஆண், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பையும் சேர்த்த கணக்கு இது. சமையல், துணி, பாத்திரம் தனி. ஆணின் அந்த 74 நிமிடத்தில், கட்டிலருகே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்த நேரம் சேர்ந்திருக்கிறதா என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டிருக்கமாட்டார்.

சரி, குடும்பம் இப்படி. அரசாங்கம்?

அரசாங்கத்துக்கும் பெற்றோர் மீது அபாரப் பாசம். அதற்கென்றே ஒரு சட்டம், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. பிள்ளை சோறு போடாவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தீர்ப்பாயம் மாதாந்திரப் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். உச்சவரம்பு 10,000 ரூபாய். மகன் கோடீஸ்வரனாக இருந்தாலும் அவ்வளவுதான். பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லது. கைவிடுகிறவனுக்குத் தண்டனை எழுதியாகிவிட்டது. கைவிடாதவளுக்கு என்ன எழுதியிருக்கிறது? 32 பிரிவுகளையும் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். ஒரு வரி கிடையாது. ஒரு நாள் ஓய்வு கிடையாது, ஒரு ரூபாய் உதவித்தொகை கிடையாது, மாற்றாள் கிடையாது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லை.

இல்லை, ஒருமுறை தெரிந்தாள். 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அதில்தான் மருமகளும் மருமகனும் முதன்முதலாகப் பெயர் பெற்றார்கள். எந்தப் பட்டியலில்? பராமரிக்கக் கடமைப்பட்ட ‘பிள்ளைகள்’ பட்டியலில். அதாவது, இத்தனை காலம் சும்மா செய்துகொண்டிருந்தவளை இனி சட்டப்படி செய்யச் சொல்லலாம் என்று கண்டுபிடித்தார்கள். 10,000 ரூபாய் வரம்பை எடுக்கும் நல்ல அம்சமும், வீட்டுக்கே வந்து பராமரிக்கும் சேவைகளுக்கு வரைமுறை வகுக்கும் அம்சமும் அதில் இருந்தன. மசோதா நிலைக்குழுவுக்குப் போயிற்று, அறிக்கை வந்தது, பிறகு 2024-ல் மக்களவையே கலைந்து மசோதா காலாவதியாயிற்று. நாட்டின் மூத்த குடிமக்கள் மீதான பாசம் ஐந்தாண்டுக்குள் விவாதத்துக்கு நேரம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஆழமானது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-ல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோதும் 200, இன்றும் 200. எண்பதைத் தாண்டினால் 500. மிச்சத்தை மாநிலம் போட்டு, தமிழ்நாட்டில் 2023-ல் ஆயிரமாக இருந்ததை 1,200 ஆக்கினார்கள். ஒரு டயப்பர் நாற்பது ரூபாய் என்று குறைத்தே வையுங்கள். நாளைக்கு மூன்று. டெல்லியின் 200 ரூபாய் இரண்டாம் நாள் மாலை தீர்ந்துபோகும். மாநிலம் சேர்த்துத் தரும் 1,200, பத்து நாள் தாங்கும். மீதி இருபது நாளைக்குத் தெய்வம் விரதம் இருக்கவேண்டியதுதான். அந்த டயப்பருக்கும் 2025 செப்டம்பர் வரை 12 விழுக்காடு ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். நன்றி சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் மறுபடி ஏற்றிவிடுவார்கள். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில், கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை.

விடுப்புக் கதை இன்னும் ருசிகரமானது. ஒன்றிய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு 730 நாள் உண்டு. நியாயமான சட்டம், வாழ்க. முதியோரைப் பராமரிக்க? 2025 ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு உறுப்பினர் இதைக் கேட்டார். ஒன்றிய இணையமைச்சர் ஜிதேந்திர சிங் எழுத்துமூலம் பதில் தந்தார்: ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு உள்ளன, வயதான பெற்றோரைக் கவனிப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். மறுநாள், ‘பெற்றோரைப் பார்த்துக்கொள்ள 30 நாள் விடுப்பு!’ என்று தலைப்புகள் பறந்தன. ஏற்கெனவே உழைத்து ஈட்டி வைத்திருக்கும் சொந்த விடுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் பெருந்தன்மையோடு அனுமதித்திருக்கிறார். காய்ச்சல் வந்தாலும் அதுதான், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அதுதான், அம்மா படுத்துவிட்டாலும் அதுதான். தனியார் கம்பெனிக்காரனுக்கு அவ்வளவுகூட இல்லை. அவனுக்கு ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்ற வாசகம் மட்டும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும்.

தெய்வம் ஓய்வூதியதாரர் என்றால் இன்னொரு சடங்கும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகத் தெய்வமே சான்றளிக்கவேண்டும். இப்போது தபால்காரர் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்து உயிர்வாழ் சான்று எடுக்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடக்கை, வலக்கை என்று ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் இயந்திரம் ‘பொருந்தவில்லை’ என்றே சொல்லும். 2020 ஜூனில் ஒடிசாவின் நுவாபடா மாவட்டத்தில், நூறு வயதைக் கடந்தவர் என்று சொல்லப்பட்ட தாயின் கணக்கிலிருந்து 1,500 ரூபாய் எடுக்க, ஆள் நேரில் வந்தால்தான் ஆகும் என்று வங்கியில் சொன்னதாக மகள் தாயைக் கயிற்றுக் கட்டிலோடு சாலையில் இழுத்துக்கொண்டு போனாள். இழுத்த மகளுக்கே அறுபது வயது. அந்தக் காணொளியை நாடே பார்த்து உச்சுக் கொட்டியது. உச்சுக் கொட்டுவதில் நாம் தன்னிறைவு பெற்ற தேசம்.

தமிழ்நாடு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது; படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறைப் பயிற்சியும் ஆதரவுச் சிகிச்சையும் தருகிறது. வரும் செவிலியர் தங்கமானவர். எப்போதாவது ஒரு நாள் வருகிறார். மற்ற நாள்களில் அந்த வீட்டுக்குச் செவிலியர், உதவியாளர், துப்புரவாளர், இரவுக் காவலர் எல்லாம் ஒருத்தியேதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் அறிவித்தார்கள். ‘அன்புச்சோலை’ என்று அழகான பெயர். மொத்தம் 25. ஒதுக்கீடு 10 கோடி. மாநிலத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: நான்கு லட்சம் பேருக்கு ஒரு சோலை, ஆளுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவான அன்பு. அதுவும் எழுந்து நடந்து வரக்கூடியவர்களுக்கு. கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பவர் சோலைக்கு எப்படிப் போவார்?

இந்த நிலைமை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று சிவப்பு முக்கோணம் வரைந்து, பிறகு ‘நமக்கு ஒருவர்’ என்று திருத்தி எழுதியதும் இதே அரசாங்கச் சுவர்கள்தான். மக்கள் சொன்னபடி கேட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முதியோர் 10.4 விழுக்காடு. 2021-க்கான மதிப்பீட்டில் 13.6, கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-ல் 18.2 ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒற்றைப் பிள்ளையின் தலையில் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று நான்கு பேர் வந்து உட்காரப்போகிறார்கள் என்பது அந்த முக்கோணம் வரைந்த அன்றே தெரிந்த கணக்கு. நாற்பது, ஐம்பது ஆண்டு அவகாசம் இருந்தது. என்ன செய்தோம்? 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, மாநிலம் கிழடு தட்டுகிறது, நிறையப் பெறுங்கள் என்றார். அதே மாதம் நம் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் கல்யாண மேடையில், தொகுதி எண்ணிக்கை குறையும் நிலையில் பதினாறு பெற்றால் என்ன என்று மக்கள் நினைக்கலாம் என்றார். கிழவிக்குச் செவிலியர் கேட்டால் குமரியைப் பிள்ளை பெறச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து நியூஜெர்சி போய்க் கேமரா வாங்கி அனுப்பும்வரை கிழவி காத்திருக்கவேண்டும்.

அரசு விட்ட இடத்தில் வியாபாரம் நுழைந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் முதியோர் குடியிருப்பு விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். புல்வெளியில் வெள்ளைத் தலைத் தம்பதி சிரித்தபடி இறகுப்பந்து ஆடுவார்கள். ஆட முடிகிறவரைதான் அந்தப் புல்வெளி. படுத்துவிட்டால் வேறு கட்டடம், வேறு கட்டணம். வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் இன்னொரு உலகம். பதிவுக் கட்டணம் தனி, மாதம் இருபது, இருபத்தைந்தாயிரம் தனி. அதில் ஒரு பங்கு ஏஜென்சிக்கு. வந்து தங்கும் பெண்ணுக்குப் படுக்க இடம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் சந்து. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பாவிட்டால் ‘இந்தக் காலத்துல நம்பிக்கையான ஆளே கிடைக்கிறதில்ல’ என்று அலுத்துக்கொள்கிறோம். ஊரில் அவளுடைய தாயும் படுத்துக் கிடக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. ஒரு அம்மாவைப் பார்க்க இன்னொரு அம்மாவிடமிருந்து மகளைப் பிடுங்கி வந்திருக்கிறோம்.

இந்தப் பண்பாட்டுப் பெருமைக்கு அடியில் ஒரு இருட்டறையும் இருக்கிறது. தென் மாவட்டங்களில் சில இடங்களில் படுத்துவிட்ட கிழவர் கிழவியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல். அதைச் சொன்ன ‘பாரம்’ என்ற படத்துக்கு 2019-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது கிடைத்தது. படத்துக்கு விருது தந்த அரசு, பாரத்துக்குத் தருவது அதே 200 ரூபாய். கொலையை நியாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தெய்வமாக்கிக் கும்பிடுவது, இல்லையென்றால் தலைக்கு ஊற்றுவது என்ற இரண்டுக்கும் நடுவில், ஒரு மனுஷியாக வைத்துக் கவனிக்கும் வழியை ஏற்பாடு செய்யாத சமூகம் அந்தக் கொலையில் கைநனைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எல்லாம் முடிந்து ஒருநாள் மூலவர் கண்ணை மூடுவார். அன்றைக்குப் பாருங்கள் கூட்டத்தை! நியூஜெர்சிக்காரருக்கு அன்று விமான டிக்கெட் கிடைத்துவிடும். கேமராவும் அன்றே கழற்றப்படும். தெருமுனையில் ஃபிளெக்ஸ், ‘அன்பின் திருவுருவே’ என்று. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட், மூன்று இனிப்பு, ஐஸ்கிரீம். ஒரு வருடம் இரவுநேரச் செவிலியர் வைக்கப் போதுமான பணம் ஒரே மதியத்தில் இலையில் விழும். கொள்ளி வைத்த மகனின் தோளைத் தட்டி, ‘கடைசி வரைக்கும் தாயத் தாங்குனான்யா’ என்று ஊர் சொல்லும். தாங்கியவள் அடுக்களையில் பந்திக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இடுப்பு வலிக்கு ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு வீட்டைப் பங்கு பிரிப்பார்கள். சட்டப்படி மகன்களுக்கும் மகளுக்கும் சரி பங்கு, அணுவளவும் தப்பாது. பீ மூத்திரம் அள்ளிய கணக்கு மட்டும் எந்தப் பத்திரத்திலும் ஏறாது.

இதை மாற்ற முடியாதா? பக்கத்து வீட்டைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் ஊர்மக்களையே தொண்டர்களாக்கி, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்தது. 2008-ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக்கி உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்தது. 1995-ல் ஜெர்மனியும் 2000-ல் ஜப்பானும் முதுமைப் பராமரிப்புக்கென்றே காப்பீடு கொண்டுவந்தன. ஜப்பானில் நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் சந்தா கட்டுகிறார்கள். ஜெர்மனியில் வீட்டாரே பார்த்துக்கொண்டால் அதற்கென மாதப் பணம் வருகிறது. பார்த்துக்கொள்பவரின் ஓய்வூதியக் கணக்குக்கும் காப்பீடே சந்தா கட்டுகிறது. அங்கெல்லாம் யாரும் அம்மாவைத் தெய்வம் என்று லாரியில் எழுதி வைக்கவில்லை. எழுதுவதற்குப் பதில் காசைக் கட்டினார்கள்.

ஆகவே, அரசுக்குச் சொல்லவேண்டியது சுருக்கமானது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வீட்டுப் பராமரிப்புக்கென முழுநேரச் செவிலியர். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும், பார்த்துக்கொள்பவர் பத்து நாள் மூச்சு விடுவதற்காக முதியவரைச் சேர்த்துக்கொள்ளும் படுக்கைகள். முதியோர் பராமரிப்புக்கென்றே சம்பளத்தோடு தனி விடுப்பு, தனியார் நிறுவனத்துக்கும் சேர்த்து. முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு அவர் பெயரிலேயே மாத உதவித்தொகை. இதில் எதுவும் தர முடியாதென்றால், பெற்றோரைப் பற்றி மேடையில் கண்ணீர் விடும் உரிமையையாவது திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் இருக்கும் அறங்காவலர்களுக்கும் உபயதாரர்களுக்கும் கட்டளைதாரர்களுக்கும் சொல்லவேண்டியது அதைவிடச் சுருக்கம். ஒரு தாளை எடுங்கள். ஏழு கிழமையையும் எழுதுங்கள். ஒவ்வொரு கிழமைக்கும் நேராக ஒரு பெயர் எழுதுங்கள், ராத்திரி முறைக்குத் தனியாக. எல்லாக் கிழமைக்கும் ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டில் நடப்பது தாய்ப் பாசம் இல்லை, கொத்தடிமை. வெளிநாட்டில் இருப்பவர், தன் முறைக்கு ஒரு ஆளின் முழுச் சம்பளத்தை மாதாமாதம் அனுப்பட்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் விடுமுறையைக் கோயில் குளம் சுற்றாமல் அந்தக் கட்டிலருகே கழிக்கட்டும். உள்ளூரில் இருக்கும் மகன் டயப்பர் மாற்றக் கற்றுக்கொள்ளட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கைக்கு அது வராமல் போகாது. பங்கு பிரிக்கும் நாளில், பார்த்துக்கொண்டவளுக்கு முதலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள்.

வாசகரே, உங்கள் உறவில் இப்படி ஒருத்தி நிச்சயம் இருப்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்காதீர்கள், ஹார்லிக்ஸ் வாங்காதீர்கள். காலையில் போய், அவளிடம் ட்யூபில் எப்படிக் கஞ்சி ஊற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளை அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அவள் திரும்பி வரும்வரை போன் செய்யாதீர்கள். புண்ணியத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.